வரைபடத்தில் ஒரு காலியிடம்

"அக்கா, ஒரே ஒரு எடம் மட்டும் காலியா நிக்குது. கம்பெனி பஸ் நிக்கிற முனை. நாளைக்குள்ள பேரு வரலன்னா, எதிர்ல இருக்கிற ஃபேக்டரி பேரையே போட்டுடுவோம்," என்றார் விஜயராகவன் போனில்.

பங்கஜத்துக்குச் சுருக்கென்றது.

விஜயராகவன் தண்டலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர். சுற்றுவட்டாரத்து இடப்பெயர்களைத் திரட்டி வரைபடம் போட ஊருக்கு ஒரு தன்னார்வலர் வேண்டும் என்று அவர் கேட்டபோது, முதலில் கை தூக்கியவள் பங்கஜம். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் அவள் மேற்பார்வையாளர். ஷிப்ட் முடிந்து வந்து, ஏரிக்கரை, மதகு, ஓடை என்று அலைந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் கேட்டாள். நரிமேடு, ஊமையன் மதகு, குதிரைப்பள்ளம், எதையும் விடவில்லை. தார்ச்சாலைக்கு அடியில் போய்விட்ட வயல்களின் பெயர்கள்கூட அவளிடம் இருந்தன. அப்படிப்பட்டவள் ஊரில் ஒரு முனை கம்பெனி பெயரில் போவதா?

"நான் பாத்துக்கிறேன் சார்!" என்றாள். நேராக முனைக்குப் போய் டீக்கடை முனிரத்தினத்தைக் கேட்டாள்.

"அண்ணே, இந்த எடத்துக்கு இன்னா பேரு?"

"இதெல்லாம் ஒரு கேள்வியாம்மா? முனிரத்தினம் கடை. எவனை வேணா கேளு."

எதிரே மெஸ் நடத்தும் உலகம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். தென்காசியிலிருந்து பிழைக்க வந்தவள். "என்னய்யா சொல்லுதீரு? மெஸ் முக்குன்னுதான் எல்லாப் பயலுவளும் சொல்லுதானுவ!"

"நேத்து வந்துட்டு எங்க ஊருக்குப் பேரு வெக்கிறியா?"

"உம்ம டீயக் குடிச்சவனுக்குத் தன் பேரே மறந்துபோவும். ஊர்ப்பேரா ஞாபகம் இருக்கும்?"

இரண்டு பேரையும் விட்டுக்கொடுக்க பங்கஜத்துக்கு மனமில்லை. மறுநாள் விடிந்ததும் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சமரசமாகப் போட்டாள்: 'முனிரத்தினம் – உலகம்மாள் முனை. அனைவரும் சம்மதமா?'

யாரோ அதைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆக்கி, மேலே வாழைமரம், மேளம் எல்லாம் வரைந்து, 'தங்கள் நல்வரவை நாடும்' என்று சேர்த்துவிட்டார்கள். முனிரத்தினத்தின் மனைவி வந்து கடை ஷட்டரை இழுத்து மூடினாள். உலகம்மாளுக்குத் தென்காசியிலிருந்து வீட்டுக்காரர் போன் மேல் போன் போட்டார். அவள் அடுப்பையே பற்றவைக்கவில்லை. டீயும் இல்லாமல் இட்லியும் இல்லாமல் ஷிப்டுக்குப் போனவர்கள் வழியெல்லாம் பங்கஜத்தைத் திட்டிக்கொண்டு போனார்கள்.

"சாயந்தரம் எல்லாரும் முனைக்கு வாங்க. எந்தப் பேருக்குக் கை அதிகமோ, அதான் பேரு," என்று அடுத்த வழியைக் கண்டுபிடித்தாள் பங்கஜம்.

ஊரே வந்தது. வந்தவர்கள் கையை மட்டும் கொண்டுவரவில்லை, ஆளுக்கொரு பெயரையும் கொண்டுவந்தார்கள்.

"எங்க தாத்தா டில்லி கெணறு வெட்டின எடம். டில்லி கெணறுன்னு போடு!"

"சர்ச் தெரு முனைன்னு போடுங்க. பத்திரிகையில அப்படித்தான் அடிக்கிறோம்!"

"பத்திரிகை பேச்சே எடுக்காத!" என்று கத்தினார் முனிரத்தினம்.

ஒவ்வொரு பெயருக்கும் சொன்னவர் வீட்டுக் கை மட்டும்தான் உயர்ந்தது. கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டது. பார்க்க வந்த விஜயராகவன் நடுவில் சிக்கி விழித்தார். பின்னால் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்று விடாமல் ஹாரன் அடித்தது.

பங்கஜம் அவர் பக்கம் திரும்பினாள். "முடியல சார். ஊரெல்லாம் பேரு கேட்டு வந்தேன், நான் டெய்லி பஸ் ஏறுற எடத்துக்கு ஒரு பேரு வாங்க முடியல. அந்த ஃபேக்டரி பேரையே போட்டுக்குங்க."

விஜயராகவன் தயங்கித் தயங்கி, அந்தப் பெயரைக் குறிக்கப் போனை எடுத்தார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினான். "யம்மா, நடுரோட்டுல நிக்காத, கொஞ்சம் ஓரமா போ!" என்று பங்கஜத்தை விரட்டிவிட்டு, போனைக் காதில் வைத்துச் சூப்பர்வைசரிடம் கத்தினான்:

"லேட்டாவும் சார், பங்கஜம் ஸ்டாப்புல மாட்டிக்கினு கீறேன்... அதான் சார், லேடீஸுக்கு வண்டி நிறுத்தலன்னு ஒரு அம்மா பஸ்ஸுக்குக் குறுக்க உக்காந்துச்சாமே, எல்லா கம்பெனி வண்டியிலயும் அந்தம்மா பேரத்தான சொல்றாங்க!"