பண்ணாதே பாய்

பீர்க்கன்கரணையில் பண்ணாதே பாயிடம் திட்டு வாங்காத கார் கிடையாது. கார்க்காரர்களைச் சொல்லவில்லை, காரைத்தான் சொல்கிறேன். முதலில் காரைத் திட்டுவார். பிறகுதான் ஓட்டி வந்தவர் பக்கம் திரும்புவார்.

ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஜாக்கி, ஸ்பேனர் பெட்டி, ஒரு சைக்கிள். சைக்கிள் அவருடையது. சொந்தமாகக் கார் வைத்துக்கொண்டதே இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ரிப்பேருக்கு எவன்கிட்ட உடுறது? ஒருத்தனும் ஒயுங்கு இல்ல."

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். படிப்பு எட்டோடு சரி. பன்னிரண்டு வருஷமாக என் வண்டிக்கு அவர்தான் வைத்தியர். உண்மைப் பெயர் தெரியாது. எதைக் கேட்டாலும் "பண்ணாதே" என்றுதான் ஆரம்பிப்பார். ஸ்டார்ட் பண்ணினதும் உறுமவிடாதே. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே. எஞ்சினை ஓஸ் பிடித்துக் கழுவாதே. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு ஆயுத பூஜை. தெருவில் புதுக் கார். நாலு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம். பானெட் மேலேயே கற்பூரம் வைத்துவிட்டார் கார்க்காரர். பாய் கையில் டீயோடு ஓடினார்.

"சார், சார்! தரையில காட்டு சார். பெயிண்ட் பொங்கிடும்."

"இது எங்க வழக்கம் பாய்."

"நல்ல வழக்கம்தான். காத்து பாத்தியா? பழம் நசுங்குனா டயர்ல காத்து கீதுன்னு அர்த்தம் இல்ல."

பின் சக்கரத்தில் காற்று குறைவு. பாயே பம்பு கொண்டுவந்து அடித்தார். பிறகு உருண்டு போன பழத்தை எடுத்துத் துடைத்து, சக்கரத்தடியில் சரியாக வைத்தார். "இப்ப ஏத்து" என்றார். அந்த வருஷம் எங்கள் தெருவில் பூஜையை முடித்து வைத்தது அவர்தான்.

ரிட்டையர் ஆன பேங்க் சார் ஒருவர். கார் எப்போதும் உறைக்குள்ளேயே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை உறையை எடுத்து, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, மறுபடி மூடிவிடுவார்.

"இன்னா சார், பொணத்துக்கு வாரா வாரம் மூஞ்சி கழுவுறியா?" என்று கேட்டார் பாய். "பேட்டரி செத்துடும். டயர் சப்பையாப் பூடும். ஓட்டு. இல்லாங்காட்டி வித்துடு."

சாருக்கு டிராபிக் என்றால் பயம். பாய் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். மாடம்பாக்கம் கோயில் வரைக்கும் சாரை ஓட்டவைத்தார். போகவர இரண்டு மணி நேரம் ஆனது. சார் சட்டை முதுகோடு ஒட்டிப்போய் இறங்கினார். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் அந்தச் சிவன் கோயிலுக்குப் போனார். பக்தி பேட்டரியால் வந்தது.

இப்படிப்பட்ட ஆளுக்குத் தொழில் எப்படி ஓடும்? "ஒண்ணும் இல்ல, போ" என்று பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவார். சத்தம் வருகிறது என்று ஒருத்தர் வந்தார். பாய் சீட்டுக்கு அடியில் கையைவிட்டு டிபன் பாக்ஸ் ஸ்பூனை எடுத்துக் கொடுத்து, சாப்பிட்டுப் போகச் சொன்னார்.

இனி மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரிய மழை வரும் என்றால் எங்கள் பக்கத்துக் கார்கள் பெருங்களத்தூர் பாலத்து மேல் போய் நின்றுகொள்ளும். வருஷா வருஷம் நடப்பது. இந்த முறை மழைக்கு முந்தின சாயங்காலம் பாய் வீடு வீடாகப் போய்க் கார்களை விரட்டிக்கொண்டிருந்தார். என்னிடமும் வந்தார்.

என் மனைவி கஸ்தூரிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் குரோம்பேட்டையில் டயாலிசிஸ். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் முறை.

"வண்டி வாசல்ல இருக்கட்டும் பாய்."

"வச்சிக்காதே. மேல கொண்டு போ. காலைல ஆட்டோக்கு நான் பொறுப்பு."

அந்த மழையில் எந்த ஆட்டோ வரும்? நான் எடுக்கவில்லை.

இரவில் தண்ணீர் ஹெட்லைட் வரை ஏறியிருக்கிறது. விடிந்தபோது வாசலில் முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. கஸ்தூரிக்கு மூச்சு இரைத்தது. கால்கள் வீங்கியிருந்தன. ஒரு முறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் வண்டியில் ஏறினேன். பாய் தண்ணீரில் ஓடி வந்து, கதவு வழியாகக் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"பண்ணாதே. எஞ்சின் உள்ள தண்ணி கீது. ஸ்டார்ட் பண்ணா ராடு வளைஞ்சிடும். பண்ணாதே டிரைவரே."

"வுடுங்க பாய். அவ செத்துடுவா."

"வண்டிய சாவடிச்சா அவ பொயச்சிடுவாளா?"

தள்ளினேன். மல்லாந்து தண்ணீரில் விழுந்தார். நான் சாவியைத் திருப்பினேன். டக்கென்று ஒரே ஒரு சத்தம். அதோடு எஞ்சின் இறுகிவிட்டது.

பாய் எழுந்தார். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொட்டகைப் பக்கம் நடந்து போனார்.

திரும்பி வரும்போது ஒரு லாரி டியூபை இழுத்துக்கொண்டு வந்தார். அதன்மேல் பழைய வேன் சீட் ஒன்றைக் கயிற்றால் கட்டியிருந்தார். கஸ்தூரியை அதில் உட்காரவைத்தோம். தெருமுனையில் இடுப்பளவு தண்ணீர். பாய் முன்னால் இழுத்தார். நான் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நிலைமையிலும் அவள் கேட்டாள். "இதுல பிரேக் எங்க இருக்கு பாய்?"

"உன் வூட்டுக்காரன் கைல கீது. நம்பாதே தங்கச்சி, கெட்டியா புடிச்சிக்கோ."

ஜி.எஸ்.டி. ரோட்டில் நடு ரோட்டில் நின்று ஒரு பால் வண்டியை மறித்தார். ஏழரைக்கு அவளுக்கு டயாலிசிஸ் ஊசி குத்தினார்கள். பிழைத்தாள்.

பாயின் ஒரு காலில் செருப்பு இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். நான் தள்ளியபோது போயிருக்க வேண்டும். பாதத்தில் கிழிந்த காயம். "ஒண்ணும் இல்ல, போ" என்றார்.

அவருக்குச் சர்க்கரை இருந்தது. அது எனக்குத் தெரியாது.

பத்து நாள் என் எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். தரையெல்லாம் ஈரம். காலில் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியைச் சுற்றியிருந்தார். சின்னச் சத்தம் கேட்டாலே வண்டியைக் கொண்டுவா என்று ஊருக்கெல்லாம் சொன்னவர். டாக்டரிடம் போங்கள் என்றால் ஸ்பேனரைக் காட்டி விரட்டினார். பதினோராம் நாள் வண்டி ஸ்டார்ட் ஆனது. காதைப் பானெட் பக்கம் வைத்துக் கேட்டார். தலையை ஆட்டினார். அப்படியே ஜாக்கி மேல் சாய்ந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது.

ரிப்பேர் முடிந்த அந்த வண்டி முதலில் ஏற்றிய ஆள் அவர்தான். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். நான் விழித்தேன். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி அவரே சொன்னார். "அப்துல் காதர். பன்னெண்டு வருசம் கூட இருந்தான், பேர் தெரியல பாரு."

அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கொட்டகை இப்போது பூட்டிக் கிடக்கிறது. கஸ்தூரி டயாலிசிஸ் போகும் நாட்களில் அவரையும் கட்டு மாற்ற அழைத்துப் போகிறேன். அவள் பின்னால். அவர் முன்னால், என் பக்கத்தில். ஒருநாள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் பேச்சே நின்றுபோனது. யாரையும் திட்டுவதில்லை. சிக்னலில் பக்கத்துக் கார் கரும்புகை விட்டது. பார்த்தார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். மூன்று வாரம் இப்படியே போனது. என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் சானடோரியம் மேம்பாலத்தில் வேண்டுமென்றே கியரைக் குறைக்காமல் நாலிலேயே ஏறினேன். வண்டி திணறியது. உடம்பெல்லாம் உதறியது.

"ஏங்க, என்னங்க ஆச்சு வண்டிக்கு?" என்றாள் கஸ்தூரி.

நான் குறைக்கவில்லை. பாலத்தின் பாதியில் பக்கத்து சீட்டிலிருந்து குரல் வந்தது.

"வண்டி அயுவுது. காது கேக்கல? ரெண்டுல போடுறா, பாவி."

போட்டேன்.

அந்த வாரத்திலிருந்து அந்தப் பாலத்தை நான் நாலில்தான் ஏறுகிறேன். எஞ்சினுக்குக் கெடுதல். தெரியும்.