பொரிவிளங்காய்க்குள் போன அறுபது மாத்திரை

ரகசியத்தை ஒளிக்கத் தெரியாதவனால் பெரிய ஆபத்தில்லை. அளவுக்கு மீறி நன்றாக ஒளிப்பவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் இரண்டாம் ரகம்.

அறுபதுகளின் பின்பாதி. போர்ட் பிளேரில் அரசாங்கக் குமாஸ்தா வேலை. மனச்சோர்வுக்காக மதராஸ் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையைத் தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று போட வேண்டும். "பண்டிகை, விருந்து என்று ஒரு நாள்கூட விடக்கூடாது" என்பது அவர் கட்டளை. முந்தைய டிசம்பரில் கப்பல் தாமதமாகி மாத்திரை தீர்ந்துவிட்டது. ஊரே நட்சத்திர விளக்குக் கட்டிக்கொண்டிருக்க, நான் சுவரைப் பார்த்து ஒன்பது நாள் படுத்துக் கிடந்தேன். (கப்பல் வந்த நேரத்தைக்கூட டைரியில் குறிக்கும் எனக்கு, ஒன்பது பக்கமும் காலி!)

அதனால் இந்த முறை அக்டோபரிலேயே மதராஸ் மைத்துனனுக்கு எழுதிவிட்டேன். "டிசம்பர் 21 கப்பலில் எங்கள் பக்கத்து வீட்டுப் புஷ்பம் அக்கா தூத்துக்குடி போய்விட்டு மதராஸ் வழியாகத் திரும்புகிறார். அவரிடம் அறுபது மாத்திரை கொடுத்தனுப்பு. அதை விட்டால் அடுத்த கப்பல் பொங்கலுக்குப் பிறகுதான். யாருக்கும் சந்தேகம் வராதபடி கட்டு." உள்ளூர் ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கலாம். ஆனால் அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமே! (மனைவி கமலாவிடம்கூட இந்த ஏற்பாட்டைச் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய ராஜதந்திரி.)

கப்பல் வந்த அன்று கையிருப்பு மூன்று மாத்திரை. அலுவலகம் முடிந்து வீட்டுக்குப் பறந்தேன். வாசலில் புஷ்பம் அக்கா.

"எய்யா, ஒன் டின்னு வந்துட்டு! அம்புட்டும் பொரிவிளங்காய் உருண்டை. நானும் கமலாவும் பதினோரு வீட்டுக்கும் ரெண்டு ரெண்டு குடுத்துட்டோம். ஒனக்கு நாலு இருக்கு. இந்தா, லெட்டரு."

மெயின்லேண்டிலிருந்து வரும் தின்பண்டம், பல மொழிக்காரர்கள் குடியிருந்த எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே வீட்டில் தங்கியதில்லை. அதுதான் வழக்கம். கடிதத்தைப் பிரித்தேன். "மாத்திரைகளைச் சிறு தகர டப்பியில் அடைத்து, அதைச் சுற்றி மாவு பிடித்து ஓர் உருண்டையாக்கிவிட்டேன். பிரம்மாவாலும் கண்டுபிடிக்க முடியாது."

கல் போலிருந்த என் நான்கையும் அம்மிக் குழவியால் உடைத்தேன். நான்கும் அசல்.

"என்னங்க, பைத்தியம் மாதிரி உடைக்கிறீங்க?" என்றாள் கமலா.

அப்போதுதான் உறைத்தது. பதினோரு வீட்டில் ஏதோ ஒன்றில், ஒரு குழந்தை கையில், அறுபது மாத்திரை. இத்தனை நாள் கட்டிக்காத்த மானத்தை அந்த நொடியில் விட்டுவிட்டு நடுத்தெருவுக்கு ஓடினேன்.

"யாரும் உருண்டையைத் தின்னாதீங்க! உள்ளே என் மருந்து இருக்கு! லட்டூ மத் கானா! அந்தர் மேரா தவாய் ஹை!"

எதிர்வீட்டு தாஸ் பாபு ஜன்னலில் தலையை நீட்டினார். "கோன்சா தவாய், பாபு?"

என்ன மருந்து என்று கேட்கிறார். தலைவலி, வாயு, எத்தனை பொய் இருக்கிறது! வாயில் வந்ததோ உண்மை.

"மன் கா தவாய்! மனசு ஒடிஞ்சு போவுதே, அதுக்கு!"

அடுத்த நொடி சுத்தியல், உலக்கை, அரிவாள்மணை என்று பதினோரு வீட்டிலும் கல் குவாரி போல ஒரே சத்தம். ஒவ்வொரு வீடாக "நஹி, நஹி" என்று கை விரித்தார்கள். கடைசியில் தாஸ் பாபுவின் மனைவிதான் பூஜைத் தட்டோடு வந்தார். இருப்பதிலேயே பெரிய உருண்டை என்று லட்சுமிக்குப் படைத்துவிட்டாராம். உடைத்தோம். உள்ளே டப்பி!

நான் தலைகுனிந்து நின்றேன். புஷ்பம் அக்கா முதுகில் ஓர் அறை வைத்தார். "இதுக்கா இம்புட்டு வேசம்? எங்கிட்ட சொன்னா மடியிலேயே கட்டிட்டு வந்துருப்பேனே, கூறுகெட்டவனே!"

அன்று சாப்பாட்டு நேரத்தில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: "எய்யா, மாத்திரை போட்டியா?" மறுநாள் தெலுங்கில், அதற்கடுத்த நாள் வங்காளத்தில். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டு மாமரத்தில் ஏறி நட்சத்திரம் கட்டியவன் நான்தான். இறங்கும் முன்பே, கீழிருந்து இந்தியில் அதே கேள்வி.

பல வருடம் கழித்து என் மகள் கல்யாணத்தில் லட்டு பரிமாறும்போது, பந்தியிலிருந்து புஷ்பம் அக்கா கத்தினார்: "இவன் வீட்டு லட்டை ஒடச்சுப் பாத்துட்டுத் தின்னுங்க!" கதை தெரியாத சம்பந்தி, கடித்ததை விழுங்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன்.

"பயப்படாம சாப்பிடுங்க சம்பந்தி. இன்னைக்கு மாத்திரை இங்கதான் இருக்கு."