ஒரு சனிக்கிழமைச் சின்னத்துரை

ஓட்டக்காரனுக்கு ஓடுகிற காலத்தில் ஒரு கேடும் வராது. மூச்சு வாங்கும், கால் பிசகும், அதோடு சரி. சும்மா இருக்கிற காலத்தில்தான் கேடு தேடிக்கொண்டு வரும். உடம்பு நிறைய தெம்பு, கை நிறைய நேரம், தலைக்குள்ளே ஒன்றுமில்லை என்றால் இளைஞன் ஒருவன் என்னதான் செய்ய மாட்டான்?

எழுபதுகளின் கடைசியில் நான் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியன். ஒவ்வொரு ஏப்ரலிலும் எங்கள் பக்கத்து இளைஞர்கள் சேர்ந்து ஒரு போட்டி வைப்பார்கள். தோட்டத்துக் குளத்தை நீந்திக் கடக்க வேண்டும். ஈர உடம்போடு சைக்கிளில் ஏறி பஜாருக்குப் போக வேண்டும். அங்கிருந்து தேயிலைத் தொழிற்சாலை வரை மேட்டில் ஓட வேண்டும். இன்றைக்கு இதை ட்ரையத்லன் என்கிறார்கள். அதற்கென்று தனி உடுப்பு, தனிச் சப்பாத்து, தனிச் சாப்பாடு எல்லாம் வந்துவிட்டன. எங்களுக்கு அது வெறும் 'மூணு ஓட்டம்'. அதில் நான் கடைசியாக வந்தது கிடையாது (சைக்கிள் செயின் அறுந்த ஒருவன் வருடா வருடம் எனக்குப் பின்னால் இருந்தான், அவன் நன்றாக இருக்கட்டும்).

ஏப்ரல் முடிந்து மழை இறங்கிவிட்டால் குளத்தில் சேற்றுத் தண்ணீர் சுழிக்கும், பாதையில் சைக்கிள் வழுக்கும். அடுத்த போட்டி வரும்வரை பொழுதுபோக்கு ஒன்று வேண்டுமே! முதலில் ஓயா என்று நாங்கள் சொல்லும் ஆற்றில் தூண்டில் போட்டேன். மீன் பிடிபடவில்லை, தடுமன் பிடித்துக்கொண்டது. பிறகு மவுத் ஆர்கன் வாங்கினேன். நான் வாசிக்கத் தொடங்கியதும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து நாய்கள் எல்லாம் கூடச் சேர்ந்து பாடின. மூன்றாவதாக வந்ததுதான் பறவை பார்க்கிற பைத்தியம்.

எங்கள் தோட்டத்து மருந்துக்காரர் என் சிநேகிதர். அவரிடம் ஒரு பழைய பைனாகுலர் இருந்தது. வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப் போனது. அதை இரவல் வாங்கிக்கொண்டு சனி, ஞாயிறுகளில் மலை ஏற ஆரம்பித்தேன். அட்டைக்கடிக்குப் பயந்து முழங்கால்வரை மேஜோடு போட்டு அதில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வேன். ஓட்டத்துக்கு வைத்திருந்த வெள்ளை அரைக்காற்சட்டையை மாட்டிக்கொள்வேன். வெயிலுக்குத் தொப்பி, புதர் விலக்க ஒரு தடி. மார்பில் பைனாகுலர். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு நானே பறவை ஆராய்ச்சியாளனாகத் தெரிந்தேன். மற்றவர்களுக்கு என்னவாகத் தெரிவேன் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமா எனக்கொரு சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தார். பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் சவரிமுத்து என்று ஒரு கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கும் பெண்களை மேய்த்து வேலை வாங்குகிற உத்தியோகம். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா அதே தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். படம் கைமாறியது. என் படம் ஹட்டன் ஸ்டூடியோ ஒன்றில் இரவல் கோட்டும் டையும் போட்டு எடுத்தது. பவுடர் பூசிய அந்த முகம் என்னுடையதுதான் என்று என் அம்மாவுக்கே சொல்ல வேண்டியிருந்தது. ஸ்டெல்லாவின் படத்தை நான் பைபிளுக்குள் வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் நான் பைபிளை அத்தனை தடவை திறந்ததைப் பார்த்து அம்மா பூரித்துப்போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போவதாக ஏற்பாடு.

அதற்கு எட்டு நாளைக்கு முந்தின சனிக்கிழமை காலை, பறவைகள் பூண்டுலோயாப் பக்கத்தில்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

மலையுச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, ஒரு பாறைமேல் நின்று பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். கீழே பச்சை மலை. நிரை நிரையாகப் பெண்கள். அதற்கும் கீழே தகரக் கூரை போட்ட பிள்ளைமடுவம். வாசலில் யாரோ ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவாக இருக்குமோ என்று குமிழைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே ஒரு பரபரப்பு. பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடினார்கள். கைகள் திடீரென்று வேகம் பிடித்தன. ஒரு குரல் மலை முழுக்க எதிரொலித்தது.

"ஏய், தொர பாக்குறாங்க! நல்லாப் பாத்து எடுங்க!"

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அரைக்காற்சட்டை, மேஜோடு, தொப்பி, தடி இவ்வளவும் போட்டுக்கொண்டு மலைமேல் நின்று பைனாகுலரில் பார்க்கிற ஜீவன் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான்: தோட்டத்தை நிர்வகிக்கிற துரை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்ததிலிருந்து துரைமார் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அந்தத் தோட்டத்தின் உதவி நிர்வாகியான சின்னத்துரையும் அந்த வாரம்தான் மாறிப் போயிருந்தார். புதியவரின் முகத்தை யாரும் பார்த்ததில்லை.

திரும்பி ஓடியிருக்கலாம். ஓடுவதற்கென்றே பழகிய கால்கள் அல்லவா? வேளை பார்த்து அவை மரத்துப்போயின. அதற்குள் கோட்டும் தொப்பியுமாக ஒரு பெரியவர் மூச்சிரைக்க மேலே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்தார்.

"சலாங்க தொர. நான் சவரிமுத்துங்க, இந்த மலைக் கணக்கப்பிள்ள. தொர திங்கக்கெழமதான் வருவீங்கன்னு சொன்னாங்க."

என் வருங்கால மாமனார் எனக்குச் சலாம் வைத்துக்கொண்டிருந்தார்! 'ஐயா, நான் துரை இல்லை, உங்கள் மகளைப் பார்க்க அடுத்த ஞாயிறு வரப்போகிற மாப்பிள்ளை, பொறுக்க முடியாமல் பைனாகுலரோடு இன்றைக்கே வந்துவிட்டேன்' என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் சம்பந்தம் அந்தப் பாறையிலேயே முறிந்துவிடும். நான் "ம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன மிக நீளமான பொய் அந்த ஓரெழுத்துதான்.

"வாங்க தொர, மலையப் பாக்கலாம்."

போனேன். கணக்கப்பிள்ளை முன்னால், நான் பின்னால். ஒவ்வொரு நிரையாக நின்று கூடைக்குள் எட்டிப் பார்த்தேன், "ம்" என்றேன். இதற்கிடையில் அட்டை ஒன்று சவர்க்காரத்தையும் தாண்டித் தொடைவரை ஏறிவிட்டது. துரை குதிக்கலாமா? துள்ளலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு "ம்" போட்டேன். அது வலியில் கொஞ்சம் உரக்க வந்துவிட்டது. கூடைக்காரப் பெண் பயந்துபோய்க் கூடையிலிருந்த முற்றல் இலைகளைப் பொறுக்கி எறிந்தாள்.

அப்போது மேற்கே வானம் கறுத்தது. முன் நிரையில் இருந்த ராமாயி என்கிற நடுவயதுப் பெண் கணக்கப்பிள்ளையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கணக்கப்பிள்ளைங்க, மழ கட்டிக்கிட்டு வருது. நேத்தும் நனஞ்சோம், முந்தாநாளும் நனஞ்சோம். புள்ளைங்களுக்குச் சளி. தொரகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். சாக்கு கட்டிய இடுப்பும், நனைந்து நனைந்து வெளுத்த விரல்களும் எனக்குத் தெரியாதவையா? என் அம்மாவும் அப்படித்தான் நின்றார். "ம்" போதாது என்று தோன்றிவிட்டது.

"போங்கம்மா. நனையாமப் போங்க."

அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்தப் போட்டியிலும் பார்த்ததில்லை. மலை முழுவதும் ஒரே கூச்சல். கூடைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் இறங்கி ஓடினார்கள். கணக்கப்பிள்ளை வாய் பிளந்து நின்றார்.

"தொரைக்கு நல்லாத் தமிழ் வருதுங்களே! எங்க படிச்சீங்க?"

பதில் சொல்லுமுன் இரண்டு விஷயங்கள் நடந்தன. மேகம் கலைந்து பளீரென்று வெயில் அடித்தது. கீழே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. நீளக் காற்சட்டையும் கம்பளிச் சட்டையும் போட்ட ஓர் இளைஞர் இறங்கி வேகமாக மேலே வந்தார். கணக்கப்பிள்ளை கையை நீட்டி அவரைத் தடுத்தார்.

"யாருங்க நீங்க? இங்க தொர நிக்கிறாங்க."

"நான்தானே புது சின்னத்தொர!" என்றார் வந்தவர், சிங்களம் கலந்த தமிழில். "ஆளுங்க எங்க? வெயில் அடிக்குது, மலை காலி! இது யாரு?"

எனக்குத் தமிழும் மறந்தது. "மம... இஸ்கோலெ மஹத்தயா" என்று பள்ளிக்கூட வாத்தியார் என்பதைச் சிங்களத்தில் உளறினேன். "குருல்லோ பலன்ன ஆவா." பறவை பார்க்க வந்தேனாம்.

சின்னத்துரை வெறிச்சோடிய மலையை ஒருமுறை பார்த்தார், என் மேஜோட்டை ஒருமுறை பார்த்தார். கணக்கப்பிள்ளை கக்கத்தில் இருந்த தொப்பியை எடுத்து மெதுவாகத் தலையில் வைத்துக்கொண்டார். என்னை அதைவிட அழகாக யாரும் திட்டியதில்லை.

"இன்னிக்கி இந்த மலையில கொழுந்து எடுத்து முடியணும்" என்றார் சின்னத்துரை அவரிடம். "முடியல்லன்னா நான் பெரிய தொரகிட்ட சொல்லத்தான் வேணும். யாரோ ஒருத்தன் பேச்சைக் கேட்டு ஆளை விட்டுட்டீங்களே!" மோட்டார் சைக்கிள் போய்விட்டது.

பெரியவரின் முகம் சாம்பலாக இருந்தது. எத்தனையோ வருட உத்தியோகம், என் ஒரு வார்த்தையில் ஆட்டம் கண்டு நின்றது. அப்போது ஸ்டெல்லா குடையோடு மேலே ஏறி வந்தாள். "ஏம்பா எல்லாரும் எறங்கிப் போறாங்க?" என்று கேட்டவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். தொப்பி, மேஜோடு, பைனாகுலர் எல்லாவற்றையும் தாண்டி அவள் பார்வை என் முகத்துக்கு வந்தது.

"அப்பா... இவரு அந்தப் படத்துல இருக்கிறவருப்பா."

(என் அம்மாவுக்கே அடையாளம் தெரியாத படம். எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று பிறகு நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். அந்த நேரத்தில் பூமி பிளந்தால் போதும் என்றிருந்தது.)

சவரிமுத்து என்னை விட்டுக் காலி மலையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரோ விட்டுப்போன கூடையை எடுத்து நானே தலையில் மாட்டிக்கொண்டேன். நீந்தவும் மிதிக்கவும் ஓடவும் தெரிந்தவனுக்கு இரண்டு இலையும் ஒரு மொட்டும் பறிப்பது பெரிய காரியமா? ஒரு நிரை முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போனது. மூன்று ஓட்டத்தையும் சேர்த்து ஓடினாலும் அப்படி மூச்சு வாங்கியிருக்காது. ஸ்டெல்லா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குடையை மடக்கிக்கொண்டு லயத்துக்கு ஓடினாள்.

சற்று நேரத்தில் கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் ஏறி வந்தது. அடுப்பு மூட்டியவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு, கணக்கப்பிள்ளைக்காகத் திரும்பி வந்தார்கள். அரைக்காற்சட்டையில் கூடையோடு நின்ற என்னைப் பார்த்துவிட்டு இன்னும் சிரித்தார்கள். ராமாயி என் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தார். "இது கொழுந்தா, வெறகா?" என்று கேட்டு அப்படியே கொட்டிக் கவிழ்த்தார். பொழுது சாய்வதற்குள் மலை முடிந்தது. என் பங்கு அதில் ஒரு பிடிகூட இல்லை. நெற்றியில் கூடைக் கயிறு பதிந்த தடத்தோடு நான் வீடு போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த ஞாயிறு போகவே மாட்டேன் என்று அடம்பிடித்தேன். காரணத்தைச் சொல்ல முடியாததால் போக வேண்டியதாயிற்று. அவர்கள் வீட்டில் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "மாப்பிள்ள ரொம்பச் சாதுங்க. பள்ளிக்கூடம் விட்டா வீடு, வீடு விட்டாக் கோயிலு. வேற எங்கயும் போகவே மாட்டாருங்க."

"அப்படிங்களா?" என்றார் சவரிமுத்து. அந்த 'அப்படிங்களா' எனக்கு மட்டும்தான் புரிந்தது.

பெரியவர் மாமாவின் பக்கம் திரும்பினார். "என்னப் பாத்துத் தோட்டம் பூராச் சிரிச்சிருச்சுங்க. எனக்குப் பிடிக்கல. மகதான் சொல்லணும்" என்றார். மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று புரிந்தது. எழுந்திருக்கப் போனேன்.

வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்களிலிருந்து ராமாயியின் குரல் வந்தது.

"கோச்சுக்காதீங்க கணக்கப்பிள்ளைங்க. அவரு தொர இல்லன்னு எங்களுக்கு அப்பவே தெரியும். எந்தத் தொர எங்களப் பாத்துப் 'போங்கம்மா'ன்னு சொல்லியிருக்கான்? தெரிஞ்சுதான் ஓடுனோம்."

சவரிமுத்து முதலில் வாசலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார காலத்துக்குப் பிறகு முதல்முறையாக அவருடைய மீசை அசைந்தது. உள்ளே தேத்தண்ணீர்க் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது. அதோடு ஸ்டெல்லாவின் குரலும்.

"எனக்குச் சம்மதம்பா."

மாமனார் இன்று இல்லை. அந்தத் தோட்டத்தை விட்டு நாங்களும் எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். மழை இருட்டினால் அந்த மலையின் கூச்சல் இப்போதும் என் காதுக்குள் இறங்கி ஓடுகிறது. எங்கள் வீட்டில் சமையல், செலவு, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் என்று எல்லா அதிகாரமும் ஸ்டெல்லாவிடம்தான். ஆனால் பேரப்பிள்ளைகள் பாடசாலைக்கு மட்டம் போட நினைத்தால் அவளிடம் போவதில்லை. வரிசையாக என் முன்னால் வந்து நிற்பார்கள். அவளே அனுப்பி வைப்பாள்: "தாத்தாகிட்டப் போய்க் கேளுங்க. லீவு குடுக்கிற தொர அவருதான்."