சமாதான பெஞ்சும் பூட்டிய கதவும்

"டீச்சர், பௌஸ்தினோ என் கலர் பென்சிலைக் கடிச்சுட்டான்!"

"இவ என் காதையே கடிக்க வந்தா டீச்சர்!"

நிவியா டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஹிமேனாவும் பௌஸ்தினோவும் மறுபடியும் சமாதான பெஞ்சுக்கு வந்து நின்றார்கள்.

பெஞ்சு நிவியாவின் சொந்த யோசனை. சண்டை போட்டவர்கள் அதில் உட்கார வேண்டும். மாத்தே என்ற இலைத் தேநீர் குடிக்கும் சுரைக்குடுக்கை, உறிஞ்சும் குழலோடு, காலியாகக் கைமாறும். குடுக்கையை வைத்திருப்பவர் பேசலாம். மற்றவர் கேட்க வேண்டும். அவர்கள் ஊரான சால்தோவில் மாத்தே கைமாறாமல் யார்தான் மனம்விட்டுப் பேசுகிறார்கள்? ஐந்து வயசுக்காரர்களுக்கும் அது போதும் என்று நம்பினாள். பெஞ்சு வந்த பிறகுதான் வகுப்பில் சண்டையே பெருகியது.

தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தக் கூத்து அடங்கணும் நிவியா. இல்லேன்னா பெஞ்சு கிடங்குக்குப் போகும், நீ ஆபீசுக்குப் போவே."

இந்த வாண்டுகளை விட்டுவிட்டு ஆபீசில் காகிதம் அடுக்குவதா? நினைத்தாலே அழுகை வந்தது.

சமாதானமானால் பிஸ்கட் என்று அறிவித்தாள். பெஞ்சுக்கு முன்னால் வரிசை கட்டிவிட்டார்கள். வரிசையில் முந்துவதற்குத் தனிச் சண்டை. பிஸ்கட்டை நிறுத்தினாள். மொத்த வகுப்பும் அவளோடு சண்டைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமையும் வந்தது. பௌஸ்தினோவோடு மறுபடியும் சண்டை போட்டுவிட்டு ஹிமேனா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீங்க எப்பவும் அவனுக்குத்தான் சப்போர்ட்டு. எல்பா டீச்சரைக் கூப்பிடுங்க, அவங்க தீர்த்து வைக்கட்டும்."

நிவியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வகுப்பு எல்பாவோடு குளிர்காலத்திலிருந்தே பேச்சில்லை. நிவியா ஊற்றித் தந்த மாத்தேயில் எல்பா குழலைப் பிடித்துக் கலக்கிவிட்டாள். ஊற்றுகிறவள் வைத்த குழலை இன்னொருத்தி ஆட்டுவதா? உனக்கு ஊற்றத் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதல்லவா அது! அன்றே இரண்டு வகுப்புக்கும் நடுவிலிருந்த கதவை நிவியா பூட்டிவிட்டாள்.

வராந்தாவில் தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் நெருங்கியது. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்தாள்.

எல்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். "நீங்களும் உக்காருங்க டீச்சர்!" என்று குழந்தைகள் நிவியாவையும் இழுத்து உட்கார வைத்தார்கள். பௌஸ்தினோ குடுக்கையை எல்பாவின் கையில் திணித்தான். பழக்கதோஷத்தில் அவள் விரல் குழலுக்குப் போய், சுட்டதுபோல் திரும்பியது. நிவியாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஆட்டினது தப்புதான்டி," என்றாள் எல்பா. "அதுக்காகக் கதவையே பூட்டுவியா?"

நிவியா குடுக்கையை வாங்கிக்கொண்டாள். "பூட்டினதும் தப்புதான். நீ இல்லாம மாத்தே தொண்டையில இறங்கவே மாட்டேங்குது."

சொல்லும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. வாசலில் எட்டிப்பார்த்த தலைமையாசிரியை, "அட, சத்தத்தையே காணோமே! பெஞ்சு இங்கேயே இருக்கட்டும், நீயும்தான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப உங்க சண்டை என்னன்னு சொல்லுங்க," என்றாள்.

"எங்களுக்கு ஏது டீச்சர் சண்டை?" என்றாள் ஹிமேனா. "சண்டை போட்டவங்க பெஞ்சுல உக்காரணும்னீங்க, நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டு உக்காரவே இல்ல, அதான் உங்களை உக்கார வைக்க நாங்க அடிச்சுக்கிட்டோம்!"