என்னைக் காப்பாற்ற ஓடி வந்த மனுஷன்

"உனக்கு எதுக்குடி அதெல்லாம்? புஸ்தகம் படிக்கிறவ புஸ்தகத்தப் படி. தாத்தா உன்ன ஏரியிலேர்ந்து எப்பிடிக் காப்பாத்துனாருன்னு கேட்டுகினு வந்துட்டா! கெழவி வாயக் கிண்டுறதே உங்களுக்குப் பொழப்பாப் போச்சு."

இப்படித் திட்டித்தான் பேத்தியை விரட்டினேன். அவள் நகரவில்லை. அவள் கையில் இருந்தது, காட்டில் வழி தப்பிய பிள்ளைகள் எப்படிப் பிழைத்து வந்தார்கள் என்ற கதையாம். அதில் பையன் காய்ச்சலில் படுத்துவிட, பெண்தான் மீன் பிடித்து, தீ மூட்டி, அவனை ஆற்றுக்கு அக்கரை சேர்க்கிறாளாம். "எங்க காலத்துக் கதையில அவ மீனப் பாத்தாலே மயங்கி உழுந்துடுவாளேடி" என்று வாயை விட்டேன். அதோடு மாட்டிக்கொண்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான். ஆடி பிறந்ததும் வழக்கப்படி புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு, நெமிலிச்சேரிக்கு, அனுப்பிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தன் அம்மாவோடு அம்பத்தூரில் இருந்துகொண்டு ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆடி முடியும்வரை மாப்பிள்ளை எங்கள் பக்கம் தலைகாட்டக் கூடாது. காட்டினால் ஊர் சிரிக்கும். என் மாமியார் சிரிக்க மாட்டார். ("எம் புள்ளைய மயக்கி இஸ்துகினா"ன்னு அது கத்துனா அம்பத்தூர்ல ரயிலு நின்னு கேக்கும்.)

அம்மா வீட்டில் எனக்கு ஒரே வேலை, எருமையை ஏரிக்கு ஓட்டிப்போய் ஓட்டி வருவது. மதியத்தில் தையல்காரர் மகள் நூர்ஜகான் வருவாள். வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையை எனக்கு வாசித்துக் காட்டுவாள். (நான் எழுத்துக் கூட்டிப் படிச்சி முடிக்கிறதுக்குள்ள அடுத்த வாரத்து புஸ்தகம் வந்துடும்.)

கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கிய ஒருவனையும் ஒருத்தியையும் பற்றிய கதை அது. புலியை அடிப்பது, குடிசை கட்டுவது, தண்ணீர் தேடுவது எல்லாம் அவன் வேலை. மயங்குவது அவள் வேலை. வாரா வாரம் அவள் விழுவாள், அவன் தூக்குவான், தொடரும் என்று போட்டுவிடுவார்கள்.

"இன்னாடி இவ, கால்ல எலும்பே கெடியாதா?" என்பாள் நூர்ஜகான்.

"நீ படிடி" என்பேன் நான்.

அவளுக்குச் சிரிப்பாக இருந்த இடத்தைத்தான் நான் இன்னொரு தரம் படிக்கச் சொல்வேன். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான்தான் எல்லாவற்றையும் தூக்கியிருக்கிறேன். தண்ணீர்க் குடம், வைக்கோல் கட்டு, தம்பி, தம்பி கேட்ட தர்பூசணி. என்னை யாரும் தூக்கியதாக எனக்கு நினைவே இல்லை. பூங்கொத்து மாதிரி அவன் கைகளில் அவள் கிடந்தாள் என்று நூர்ஜகான் படித்தபோது, ஒரே ஒரு முறை நானும் பூங்கொத்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். (அப்ப நான் நல்லா திம்முனு இருப்பேன். பூங்கொத்து இல்ல, பூக்கடை.)

அதற்குத் தோதாக, பிரியும்போதே அவர் என் காதில் ஒன்று சொல்லியிருந்தார். "ஊட்டுக்கு வந்தாத்தானே தப்பு? லீவு அன்னிக்கு ஏரிப்பக்கமா வரேன். யாருக்கும் தெரியாது."

ஆடியில் எங்கள் ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடக்கும். சுற்றிலும் சேறு காய்ந்து வெடித்திருக்கும். மேலே அப்பளம், கீழே பாயசம். எங்கே கால் வைக்கலாம் என்பது எருமைக்குத் தெரியும், அதன் பின்னால் போகிற எங்களுக்கும் தெரியும். அவர் லீவு அன்றைக்கு நானும் எருமையின் பின்னாலேயே குளம்புத் தடம் பார்த்துச் சுற்றிப் போய், தண்ணீர் ஓரமாக இருந்த கெட்டியான மேட்டில் மயங்கினேன். அதாவது, கொசுவத்தைச் சரி செய்து, தலையில் பூவை முன்னால் இழுத்துவிட்டு, ஒரு கண்ணை மட்டும் மூடாமல் படுத்துக்கொண்டேன்.

அவர் வந்தார். டெரிலின் சட்டை, புதிதாகத் தைத்த பெல்பாட்டம். கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "வள்ளி!" என்று கூப்பிட்டார். நான் அசையவில்லை. "ஏ வள்ளி!" குரல் உடைந்தது. சைக்கிள் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. நான் இரண்டாவது கண்ணையும் மூடிக்கொண்டேன்.

கதையில் வருகிறவன் நேராகத்தான் ஓடி வருவான். இவரும் நேராகத்தான் ஓடி வந்தார். அவர் பெரம்பூரில் வளர்ந்தவர், ஏரியைச் சுற்றி வர வேண்டும் என்று தெரியாதவர். இதை நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

சளக்கென்று ஒரு சத்தம். அப்புறம் காலடியே கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். இடுப்புவரை சேற்றில் புதைந்து நின்ற மனிதர் என்னை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டிக் கத்தினார்.

"பயப்படாத வள்ளி! நான் வந்துட்டேன்!"

"நீ எங்க மாமா வந்தே? போய்க்கினு கீறே!" என்று எழுந்து உட்கார்ந்தேன்.

அவர் முகத்தில் முதலில் நிம்மதிதான் தெரிந்தது. சந்தேகம் அதற்கப்புறம்தான் வந்தது. "நீ மயக்கமா இருந்தியே?"

"தெளிஞ்சிடுச்சி. ஆடாத மாமா, ஆடுனா இன்னும் இஸ்துக்கும்!"

ஆடாதே என்றால் எவன் ஆடாமல் இருப்பான்? பெல்பாட்டத்தின் ஒவ்வொரு காலும் ஒரு கூடைச் சேற்றை வாங்கிக்கொண்டது. மார்புவரை போய்விட்டார். தூரத்தில் கரைமேல் பேச்சுக் குரல் கேட்டது. "ஐயோ, ஓடியாங்களேன்!" என்று கத்தினேன்.

"கத்தாதடி! ஆடியில வந்தேன்னு எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னத்தான் கிழிக்கும்!"

"கிழிக்கட்டும். நீ மிஞ்சுனாப் போதும்."

கரையிலிருந்து ஆள் வந்து சேரும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. எருமையின் கழுத்துக் கயிற்றில் மேய்ச்சல் கயிற்றையும் முடிந்து மறுமுனையை அவரிடம் வீசினேன். அக்குளுக்குக் கீழே கட்டிக்கொண்டார். எருமையின் முதுகில் ஒன்று வைத்தேன். அது இழுத்தது. சேறு விடவில்லை. இன்னொன்று வைத்து, நானும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பொளக்கென்று வெளியே வந்தார், ஒரு செருப்பைத் தவிர. எருமை அதோடு நிற்குமா? தனக்குத் தெரிந்த தடத்தில் கரைவரை அவரை மூட்டை மாதிரி இழுத்துக்கொண்டு போய்த்தான் நின்றது.

ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தேன். மூச்சு வாங்கிவிட்டு, "இன்னாத்துக்கு வள்ளி அங்க படுத்துகினு இருந்தே?" என்றார்.

"நீ தூக்குவேன்னு."

"கேட்டிருந்தா ஊட்லயே தூக்கியிருப்பேனே!"

"கேட்டு தூக்குனா அதுல இன்னா மாமா கீது?"

அடிப்பார் என்று நினைத்தேன். கண்ணிலிருந்த சேற்றை வழித்துவிட்டு என்னையே பார்த்தார். "சரி. அடுத்த தபா சிமென்ட்டு தரையாப் பாத்து மயங்கு" என்றார். அந்த மனுஷனோடு வாழ்ந்துவிடலாம் என்று எனக்குப் பட்டது அப்போதுதான்.

அதற்குள் கரைமேல் கன்னியம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து நின்றார்கள். எதிர்வீட்டுக்காரிகள். அவரைப் பிழைக்க வைத்தாயிற்று, இனி மானத்தைப் பிழைக்க வைக்க வேண்டும். அதற்கு அங்கே நான் சொன்னதுதான் அம்பத்தூர்வரை போனது. என்னைக் கிழிக்க வேண்டிய மாமியார், "எம் புள்ள இல்லன்னா இவ ஏது?" என்று சாகும்வரை பெருமையடித்தார். என் பிள்ளைகள் இன்றைக்கும் அவரை 'ஏரி வீரர்' என்றுதான் கேலி செய்கிறார்கள். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. என்னை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

"இன்னா மாப்ள, ஆடியில இந்தப் பக்கம்?" என்றாள் கன்னியம்மா.

அவர் வாயைத் திறந்தார். பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"நல்ல வேள வந்தாருக்கா!" என்று நான் முந்திக்கொண்டேன். "சேத்துல நான் முழுகிகினு இருந்தேன். சைக்கிள்ல ரோட்டோட போய்கினு இருந்தவரு, எஞ்சத்தம் கேட்டு ஓடியாந்து தூக்கிட்டாரு."

கன்னியம்மா அவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். என் புடவையின் மடிப்புகூடக் கலையவில்லை.

"முழுகுனது நீயி. சேறு அவரு மேல கீதே?"

"தலைக்கு மேல தூக்கிகினு வந்தாருக்கா" என்றேன். "அதான் எம்மேல ஒரு சொட்டு படல."