முதல் பக்க ஆராய்ச்சியார்

உலகத்தில் ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு ரகம். ஆராய்ச்சியைப் படிக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டையும் சேர்த்துக் கூட்டினாலும் எட்டிப் பிடிக்க முடியாத எண்ணிக்கையில் மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. ஆராய்ச்சியின் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, மிச்சத்தை நமக்கு விளக்குகிறவர்கள் அவர்கள்.

இவர்களைப் பார்க்காதவர் யார்? தலைவலிக்கிறதே என்று நீங்கள் மாத்திரையைக் கையில் எடுத்திருப்பீர்கள், தண்ணீரும் ஊற்றி வைத்திருப்பீர்கள், வாயைத் திறக்கப் போகும் நேரத்தில் எங்கிருந்தோ வந்து நிற்பார்கள். "சமீபத்திய ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா" என்று ஆரம்பிப்பார்கள். ஆராய்ச்சி என்ன சொன்னது என்பது கடைசி வரை நமக்குப் பிடிபடாது. தலைவலி மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இவர்களிடம் எல்லா நோய்க்கும் மருந்து உண்டு. ஆனால் எந்த மருந்தும் கடையில் கிடைக்காது. "இன்னும் ரெண்டே வருஷம், வந்துடும்" என்பார்கள். சர்க்கரை வியாதியா, ரெண்டே வருஷம். வழுக்கையா, ரெண்டே வருஷம். போன தடவை சொன்ன ரெண்டு வருஷம் எந்தப் பக்கம் போயிற்று என்று தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். அதற்கும் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கும்.

இந்த இனத்தில் முற்றிக் கனிந்த ஒருவரை நீங்கள் பார்க்க வேண்டுமானால் ஒரு ஜெராக்ஸ் கடைக்குள் வர வேண்டும். பெரிய கல்லூரி வளாகம் ஒன்று, அதற்குள் மருத்துவமும் விவசாயமும் அக்கம்பக்கமாக நடக்கின்றன. வளாகத்தின் வாசலுக்கு நேர் எதிரே கடை. ஆய்வேடுகளை நகல் எடுப்பது, அட்டை போடுவது, ஓரம் வெட்டுவது, எல்லாம் அங்கேதான். வாசற்படியில் கால் வைத்தாலே பசை வாசனை வரும். கடைக்காரருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஆராய்ச்சியார். கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டுவிட்டார்.

அவர் அறிவு பெற்ற வழி மிகவும் எளிது. மிஷினின் தலையில் தாள்கட்டை வைத்தால் மேலே தெரிவது ஆய்வுச் சுருக்கம் இருக்கும் முதல் பக்கம். பட்டனைத் தட்டுவதற்கு முன் அதைப் படித்துவிடுவார். தட்டியதும் அந்தப் பக்கத்தை மிஷின் விழுங்கிவிடும். அதற்குப் பின்னால் வரும் பக்கங்கள் படபடவென்று ஓடும். அந்த ஓட்டத்தில் என்னத்தைப் படிக்க? அதனால் எத்தனையோ ஆராய்ச்சிகள் தொடங்கிய இடத்திலேயே அவர் மனதில் முடிந்துபோயின. முதல் பக்கத்திலும் ஒரு சின்னத் திருத்தம் செய்வார். 'பயன் தரலாம்' என்று எழுதியிருந்தால் அவர் வாயில் 'பயன் தரும்' என்று வரும். 'மேலும் ஆய்வுகள் தேவை' என்ற வரி அவர் கண்ணில் பட்டதே கிடையாது.

கூரியர் கொண்டுவரும் ஆள் ஒருநாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போவதாகச் சொன்னார். ஆராய்ச்சியார் அவரை உட்கார வைத்து, விழுந்த பல் தானாக முளைப்பதற்கு மருந்து வரப்போகிறது, அவசரப்படாதே என்று உபதேசம் செய்தார். எப்போது என்று அந்த ஆள் கேட்டார். இன்னும் ரெண்டே வருஷம் என்றார் இவர். அந்த ஆள் எழுந்து நேராகப் பல் டாக்டரிடம் போனார். வலி இருக்கிறவனுக்கு ரெண்டு வருஷத்தின் நீளம் தெரியும், இல்லையா?

கடையில் தைப்பதும் ஒட்டுவதும் அவர் மனைவியின் வேலை. அந்த அம்மாள் ஆராய்ச்சிக்கு எதிரி ஒன்றும் இல்லை. புருஷன் பேச்சு ஒரு காதில் நுழையும்போதே இன்னொரு காதின் கதவைத் திறந்து வைத்துவிடும் பழக்கம் மட்டும் உண்டு. ஆனால் தக்காளி விஷயத்தில் அது பலிக்கவில்லை. வறட்சி தாங்கும் பயிர்களைப் பற்றி ஓர் ஆய்வேடு வந்தது. முதல் பக்கத்தை முடித்த கையோடு ஆராய்ச்சியார் வீட்டுக்குப் போய், பால்கனியில் அந்த அம்மாள் வளர்த்த தக்காளித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று தடை போட்டார்.

"நாமதான் ஊத்தி ஊத்தி அதுங்களைச் சோம்பேறி ஆக்கிட்டோம். விட்டா தானா கத்துக்கும்" என்றார்.

அது வேறு விதை, ஆராய்ச்சிக்காரர்கள் பல தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து வளர்த்தது, நம் தொட்டியில் இருப்பது சந்தையில் வாங்கிய சாதாரண நாற்று என்று அந்த அம்மாள் சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே? மூன்றாம் நாள் இலைகள் தொங்கின. அதற்கு மேல் அந்த அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. விடிவதற்கு முன் எழுந்து, சொம்பில் தண்ணீர் மொண்டு, சத்தம் வராமல் தொட்டிகளின் அடியில் ஊற்றிவிட்டு வந்து படுத்துக்கொண்டார். அன்று முதல் அதுவே வழக்கமாகிவிட்டது. செடிகள் நிமிர்ந்தன, பூத்தன, காய்த்தன. ஆராய்ச்சியார் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தக்காளியைக் காட்டி, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் விளைந்தது என்று பெருமையடித்தார். பயிர்த்துறை மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதுவரை எல்லாம் வேடிக்கைதான்.

வேடிக்கை இல்லாத விஷயம் அவர் வலது கண். கண் டாக்டர் பார்த்துவிட்டு, புரை விழுந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன், அடுத்த வாரமே செய்துவிடலாம் என்றார். அந்த வாரம் பார்த்துத்தானா அந்த ஆய்வேடு வர வேண்டும்? கண்புரையைச் சொட்டு மருந்தால் கரைப்பது பற்றி ஒரு பெண் எழுதியது. முதல் பக்கத்தைப் படித்ததும் ஆராய்ச்சியார் தீர்மானித்துவிட்டார். "கத்தி வைக்கிறதெல்லாம் பழைய முறை. சொட்டு மருந்து வருது. இன்னும் ரெண்டே வருஷம்."

அந்த இரண்டு வருடமும் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று. கண் முன்னால் பனி மூடியது போல் இருக்கிறது என்பதை அவர் யாரிடமும் ஒத்துக்கொள்ளவில்லை. இடது கண்ணிலும் லேசாகப் புரை தொடங்கியிருந்தது. மூல நோய் பற்றிய ஆய்வேட்டுக்கு, உப்பு நிலத்தில் வளரும் நெல்லின் அட்டையைப் போட்டுவிட்டார். தைக்கும்போது அந்த அம்மாள் கவனித்ததால் இரண்டு டாக்டர் பட்டங்கள் தப்பின. தலைகீழாக வந்த பக்கங்களை அவர் பார்க்காத நேரத்தில் பிரித்து மறுபடி தைத்தார். செடிக்குத் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றலாம். பக்கத்தைத் திருட்டுத்தனமாகத் திருப்பலாம். கண்ணுக்குத் திருட்டுத்தனமாக ஆபரேஷன் செய்ய முடியுமா?

ஒரு மத்தியானம் அது நடந்தது. ஓரம் வெட்டும் மிஷினில் புத்தகத்தை வைத்து, இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கைப்பிடியை இறக்கினார் ஆராய்ச்சியார். தாள் எங்கே முடிகிறது, கட்டைவிரல் எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த அந்த அம்மாள் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். பிளேடு நகத்தின் நுனியையும் கொஞ்சம் தோலையும் எடுத்துக்கொண்டு இறங்கியது. புத்தகத்தின் ஓரத்தில் ரத்தம்.

"நகம்தானே, வளந்துடும்" என்றார் அவர்.

அந்த அம்மாள் துணி கிழித்துக் கட்டுப் போட்டார். இன்று நகம், நாளைக்கு விரல் என்ற நினைப்பு வந்தது. எத்தனையோ வருடமாக இந்த மனிதர் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. டாக்டர் சொல்லி அவர் கேட்கவில்லை, பெண்டாட்டி சொல்லிக் கேட்கவில்லை. ஆராய்ச்சி சொன்னால் கேட்பார். சரி, ஆராய்ச்சியையே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து வளாகத்துக்குள் போனார்.

சொட்டு மருந்துப் பெண் அங்கேயே ஆய்வகத்தில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் கண்ணையும் விரலையும் சொன்னதும், போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு கிளம்பி வந்தாள். ஆராய்ச்சியாருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! கட்டுப் போட்ட கையாலேயே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாம்மா, வா. மருந்து வந்துடுச்சா?"

"எந்த மருந்து அங்கிள்?"

"உன் சொட்டு மருந்துதான். நான்தானே பைண்ட் பண்ணிக் குடுத்தேன், மறந்துட்டியா?"

அவள் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். அந்த மருந்தை முயல்களின் கண்ணில்தான் விட்டுப் பார்த்தார்கள். சில முயல்களுக்குப் புரை கொஞ்சம் குறைந்தது. சிலவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைத்தான் இப்போதும் தேடிக்கொண்டிருக்கிறாள். நல்ல வேலை, செய்ய வேண்டிய வேலை, ஆனால் மனிதர் கண்ணுக்கு அது வெகு தூரம்.

"இதெல்லாம் உள்ள விவரமா எழுதியிருக்கேனே அங்கிள்."

"உள்ளயா?" என்றார் ஆராய்ச்சியார். சொந்த வீட்டில் இன்னோர் அறை இருப்பதை முதல்முறை கேள்விப்பட்டவர் போல இருந்தது அவர் முகம்.

ஆனாலும் இந்த இனம் ஓர் அடியில் விழுகிற இனமா? மனிதர்களுக்கு எப்போது வரும், ஒரு ரெண்டு வருஷம் ஆகுமா என்று பேரம் பேசினார். தெரியாது, வரலாம், வராமலும் போகலாம் என்றாள் அவள். அந்த 'லாம்' அவருக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நாள் பொறுத்தாயிற்று, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போமே என்று அவர் இழுத்தபோது, அதுவரை சும்மா நின்ற அந்த அம்மாள் பேசினார்.

"ஏம்மா, உங்க அப்பாவுக்கு இப்படிப் புரை வந்தா நீ என்ன பண்ணுவ?"

"வந்துச்சு ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண். "இங்க பைண்டிங்குக்குக் குடுத்துட்டு அவசரமா ஓடினேனே, ஞாபகம் இருக்கா? அன்னிக்குத்தான் அப்பாவுக்கு ஆபரேஷன்."

ஆராய்ச்சியாருக்கு அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. தாள்கட்டை மேஜையில் வைத்துவிட்டு, மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல் அவள் ஓடியதும், இவ்வளவு பெரிய மருந்தைக் கண்டுபிடித்த பெண்ணுக்கு எத்தனை வேலையோ என்று தான் வியந்ததும். மருந்தைத் தேடுகிறவளே தன் அப்பாவை ஆபரேஷனுக்கு அழைத்துப் போயிருக்கிறாள். அவர் கட்டுப் போட்ட விரலைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்பா இப்ப எப்படிம்மா இருக்கார்?"

"ஊசியில நூல் கோக்கறார் அங்கிள்."

அவர் மனைவி பக்கம் திரும்பி, நாளைக்குக் கடையை மூடிவிட்டுப் போகலாமா என்று மெதுவாகக் கேட்டார். அந்த அம்மாள் தலையை ஆட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பசைக் கிண்ணத்தைத் தேடுவது போல் உள்ளே போய்விட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த மறுநாள் ஆராய்ச்சியார் கடையை ஒரு சுற்றுச் சுற்றி, மிஷின் மேல் இத்தனை தூசியா, சுவரில் இத்தனை கறையா என்று திகைத்தார். கோணலாகப் போட்ட பழைய அட்டை ஒன்றை எடுத்துப் பார்த்து, இதை யார் செய்தது என்று அதட்டினார். அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அட்டையை வைத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பால்கனிக்குப் போனார். தக்காளித் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். அந்த அம்மாளுக்குத் திக்கென்றது. அன்று காலை ஆஸ்பத்திரிச் சோதனைக்குப் போகும் அவசரத்தில் விடியலில் ஊற்ற மறந்து, அப்போதுதான், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள், ஒரு சொம்பு ஊற்றியிருந்தார்.

"மண்ணு ஈரமா இருக்கே" என்றார் அவர்.

அந்த அம்மாள் சொம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவர் மண்ணைத் தொட்டுப் பார்த்தார். விரலை மோந்து பார்த்தார். வெகுநேரம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பாத்தியா? செடி காத்துல இருக்கிற ஈரத்தையே இழுத்து வேருக்கு அனுப்புது. சமீபத்திய ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா..."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். இடது கண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் பொறுக்கலாம் என்று அவர் ஆரம்பித்ததும், அந்தக் கண்ணுக்கு அடுத்த மாதமே டாக்டரிடம் நாள் வாங்கியாயிற்று என்று சொல்லி, ஒரு தக்காளியைப் பறித்து அவர் கையில் கொடுத்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். டாக்டர் போன வருடம் எடுக்கச் சொன்ன டெஸ்டை இன்னும் எடுக்காமல், ஏதோ ஒரு தலைப்பை மட்டும் படித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பி வைத்திருக்கிறீர்களே, அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. இந்தக் கட்டுரையின் முதல் பத்தியைப் படித்துவிட்டு நேராக இந்த இடத்துக்குத் தாவி வந்திருந்தால் அதையும் கேட்கமாட்டேன். ஒன்றே ஒன்று செய்யுங்கள். உங்கள் கொள்கைப்படி தண்ணீர் இல்லாமல் செழிப்பாக வளரும் செடி உங்கள் வீட்டில் ஏதாவது இருந்தால், போய் அதன் மண்ணை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.