மேரிசுகந்தியின் கடைப் பலகையும் நீர் வைத்த நேர்த்தியும்

சிவமயம்

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.

அன்புள்ள சறோஜினிதேவிக்கு,

நான் நல்ல சுகம். நீரும் மகள் கஜானியும் மருமகன் அனோஜனும் கனடாவில் சுகமாயிருக்க நயினாதீவு அம்மனை வேண்டுகிறேன். அம்மன் என் பேச்சை இன்னும் கேட்பாவா என்று உமக்குச் சந்தேகம் இருக்கும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முகநூலில் அந்தப் படத்தைக் கண்டதிலிருந்து, ஐந்து நாளாக, நீர் போன் எடுக்கவில்லை. தபாலில் போட்டால் ‘பெற மறுத்தார்’ என்று எழுதுவித்துத் திருப்பி விடுவீர். முப்பத்திரண்டு வருடம் தபாலதிபராக இருந்தவனுக்கு இது தெரியாதா? ஆகவே நாளைக்குக் கனடா வருகிற பக்கத்து வீட்டு றொஜனின் கையில் கொடுத்து விடுகிறேன். தயவுசெய்து கிழிக்க முன் வாசியும்.

முதலில் நேர்த்தியைப் பற்றி. உமது கனடாப் பயணத்துக்கு முதல்நாள் இருவரும் அம்மன் கோயிலுக்குப் போய்த் திரும்பி, படகு குறிகட்டுவான் துறையில் வந்து முட்டுகிற நேரம்தான் நீர் வாய் திறந்தீர். “இஞ்சாருங்கோ, கஜானிக்குப் பிள்ளைப்பேறு சுகமா முடியுமட்டும் நீங்கள் மச்சம் மாமிசம் தொடமாட்டியள் எண்டு அம்மாளிட்டச் சொல்லிப்போட்டன்.” ஊரிலே மற்றவர்கள் தங்கள் தலைமயிரை நேர்வார்கள், தங்கள் நடையை நேர்வார்கள். நீர் என் நாக்கை நேர்ந்துவிட்டு விமானம் ஏறினீர்.

நீர் போன மூன்றாம் நாள் குசினியில் பருப்பு வைத்தேன். பருப்பும் போய், சட்டியும் போய், கை துடைக்கிற துவாயும் எரிந்தது. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு சந்தியிலுள்ள மேரிசுகந்தியின் கடையில்தான். அவவின் புருசன் அன்ரனிதாசின் வலையில் விடியற்காலை எது விழுகிறதோ அதுதான் அன்றைய விசேடம், பத்து மணிக்கு அதை வாசல் பலகையில் வெண்கட்டியால் எழுதுவா, ஒருநாள் கணவாய்ப் பிரட்டல், மறுநாள் இறால் குழம்பு, அதற்கு மறுநாள் சுறா வறை, இப்படி ஒருநாள் வந்தது அடுத்தநாள் வராது, ஆனால் சைவக்காரனுக்கு மட்டும் திங்களும் பருப்பும் கத்தரிக்காயும், செவ்வாயும் பருப்பும் கத்தரிக்காயும், தீபாவளிக்கும் அதுவேதான். பொறுக்க ஏலாமல் ஒருநாள் கேட்டேன்.

“பிள்ளை, சைவத்திலையும் ஒண்டை மாத்தி எழுதக்கூடாதோ?”

“ஐயா, என்ர மனிசன் போறது கடலுக்கு. அங்கை கத்தரித் தோட்டமே இருக்கு?”

இன்னொரு கரண்டி பருப்பைக் கேட்டு வாங்கினேன்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். மேரிசுகந்தி தினமும் விசேடத்தைப் படம் எடுத்து முகநூலில் போடுவா. கடையில் பதினைந்து பேர் சாப்பிட, ரொறன்ரோவிலும் பாரிசிலும் நாலாயிரம் பேர் பார்த்து ‘ஊர் ருசி’ என்று உருகுகிறார்கள்; ஊரிலுள்ள தங்கள் வீட்டு வளவைத் துப்புரவாக்க வராதவர்களெல்லாம் நண்டுக்குக் கண்ணீர் விடுகிறார்கள். போன வெள்ளிக்கிழமைப் படத்தில் நண்டுக்குப் பின்னால் நான் இருந்தது உண்மை. உமது தங்கை அதன் கீழே ‘அத்தான், வடிவாச் சாப்பிடுங்கோ’ என்று எழுதி உமக்கு வழி காட்டியதும் உண்மை. ஆனால் சாப்பாட்டுக் கோப்பை என்னுடையது அல்ல, பக்கத்துக் கதிரையில் இருந்த பஸ்ரியாம்பிள்ளையுடையது. “போஸ்ற்மாஸ்ரர், ஒரு போன் கதைச்சிட்டு வாறன். காகம் வரும், இதை ஒருக்காப் பாத்துக்கொள்ளும்” என்று என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார். என் கையில் இருந்த நண்டுக்கால் காகத்தைக் கலைக்க எடுத்தது. மீசையில் மஞ்சளாக இருந்தது பருப்பு. மேலும், கத்தோலிக்க வேதக்காரருக்கு வெள்ளிக்கிழமை இறைச்சிதான் ஆகாது, நண்டு இறைச்சியில் சேராது என்று மேரிசுகந்தி சொல்கிறா. அம்மனும் அப்படி நினைக்கக்கூடும். இது ஒரு பேச்சுக்குத்தான்; நான் சாப்பிட்டதாக நினைக்க வேண்டாம்.

கஜானிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. பாரம் தூக்க விடாதேயும். பிள்ளைகள் எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். உமக்கு, நீர் ஏற்றுக்கொண்டால், என் அன்பு.

இப்படிக்கு,
கத்தரிக்காயைத் தவிர வேறொன்றும் அறியாத உமது கணவன்,
வே. தில்லையம்பலம்

பி.கு.: மேலே கையெழுத்து வைக்கிற நேரம் அனோஜன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். கஜானியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்களாம், பத்து நாள் முந்தியே. பிறகு நாலு மணித்தியாலம் ஒரு தகவலும் இல்லை. இப்போதுதான் திரும்ப எடுத்தான். பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம். கதிரையில் இருந்து நன்றாக அழுதேன், சறோ. இனி உண்மையைச் சொல்லலாம். அது என் நண்டுதான். கணவாயும் தின்றேன், இறாலும் தின்றேன், சுறா வறையை இரண்டு தரம் கேட்டு வாங்கினேன். பொய் சொன்னது உமது வாய்க்குப் பயந்து அல்ல. பிள்ளைக்கு ஏதும் நடந்தால் காலம் முழுக்க நீர் அந்த நண்டைத்தான் சொல்வீர். நானும் அதைத்தான் நினைத்திருப்பேன். அந்த நாலு மணித்தியாலமும் அம்மன் படத்துக்கு முன்னால் நின்றேன். நின்றவன் சும்மா நிற்கவில்லை, பிள்ளை சுகமாய்ப் பிறந்தால் மூன்று மாதம் மச்சம் தொடுவதில்லை என்று நேர்ந்துவிட்டேன். முந்தியது நீர் என் வாயை வைத்து நேர்ந்தது. இது நானே நேர்ந்தது, தப்ப ஏலாது. போனில் செய்தி சொன்னவுடன், பேத்தி பிறந்த சந்தோசத்துக்கு மேரிசுகந்தி நாளைக்குப் பலகையில் ஒடியற்கூழ் எழுதுகிறாவாம், நண்டும் இறாலும் போட்டு.